விமானம் மோதினால் கட்டிடம் எத்தனை நிமிடம் நிற்கும்?

"எங்கள் கோபுரம் விமானம் மோதினாலும் தாங்கும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், மூன்று விஷயம் கேட்க வேண்டும். எந்த விமானம்? என்ன வேகம்? டேங்கில் எவ்வளவு எரிபொருள்? இந்த மூன்றையும் சொல்லாமல் தரப்படும் உறுதி வெறும் விளம்பரம்.

பொதுவாகக் கட்டிட விதிகள் எதுவும், ஒரு அலுவலகக் கோபுரமோ அடுக்குமாடிக் குடியிருப்போ பயணிகள் ஜெட் விமானத்தின் மோதலைத் தாங்க வேண்டும் என்று கேட்பதில்லை. கேட்டால் ஜன்னலே இல்லாத கான்கிரீட் பெட்டிக்குள்தான் நாம் குடியிருக்க வேண்டும். மனிதர்கள் புழங்கும் உயரமான கட்டிடத்தில் பொறியாளர் எடுத்துக்கொள்ளும் வேலை வேறு. அடி விழுந்த இடம் நொறுங்கலாம். அதற்காகக் கட்டிடம் முழுதும் சரியக் கூடாது. கடைசியில் சரியத்தான் போகிறது என்றாலும், உள்ளே இருப்பவர்கள் இறங்கி வெளியே வரும்வரை நிற்க வேண்டும். விமானத்தைத் தடுத்து நிறுத்துவது அவர் கணக்கிலேயே கிடையாது. நிமிடங்களைச் சம்பாதிப்பதுதான் கணக்கு.

நியூயார்க்கில் நடந்த இரண்டு மோதல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும்.

ஒரே ஊர், இரண்டு மோதல்

1945 ஜூலை 28, சனிக்கிழமை காலை. மன்ஹாட்டன் மேல் அடர்ந்த மூடுபனி. அமெரிக்க ராணுவத்தின் பி-25 மிட்செல் குண்டுவீச்சு விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து, எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் வடக்கு முகத்தில், 79வது மாடியை ஒட்டி மோதியது. சுவரில் ஏறக்குறைய 18 அடிக்கு 20 அடி ஓட்டை. ஒரு இன்ஜின் கட்டிடத்தைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறிப் பக்கத்துக் கட்டிடத்தின் மேல் விழுந்தது. இன்னொன்று லிஃப்ட் குழிக்குள் இறங்கியது. லிஃப்ட் இயக்கும் பெண் ஒருவர், கம்பிவடம் அறுந்து 75 மாடி உயரத்திலிருந்து லிஃப்டோடு கீழே விழுந்தும் உயிர் பிழைத்தார். விமானத்தில் இருந்த 3 பேரும் கட்டிடத்தில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். தீயை நாற்பது நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை அந்தக் கட்டிடத்தின் பல மாடிகளில் அலுவலகம் வழக்கம்போல் திறந்திருந்தது.

2001 செப்டம்பர் 11 நடந்ததைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் காலை 8:46க்கும், தெற்குக் கோபுரத்தில் 9:03க்கும் போயிங் 767 விமானங்கள் மோதின. தெற்குக் கோபுரம் 56 நிமிடம் நின்றது. வடக்குக் கோபுரம் 102 நிமிடம் நின்றது. பிறகு இரண்டும் தரைமட்டம்.

அந்தக் காலத்துக் கட்டிடம் உறுதி, புதுசு சொத்தை என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. முதலில் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடலாம். மோதும் பொருளின் ஆற்றல், எடையோடு நேர்விகிதத்தில் கூடும். வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். பி-25 சுமார் 10 டன்; மணிக்கு 320 கிலோமீட்டர் வாக்கில் வந்தது. வடக்குக் கோபுரத்தில் மோதிய 767 அப்போது 125 டன்னுக்கு மேல். வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எடையில் பன்னிரண்டு மடங்கு, வேகத்தில் இரண்டு மடங்கு சொச்சம். பெருக்கிப் பார்த்தால் ஆற்றலில் அறுபது மடங்கு. தெற்குக் கோபுரத்தில் மோதிய விமானம் மணிக்கு 870 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. அங்கே தொண்ணூறு மடங்கைத் தாண்டும். போதாக்குறைக்கு ஒவ்வொரு 767லும் சுமார் 38,000 லிட்டர் எரிபொருள். 1945இல் நடந்ததும் 2001இல் நடந்ததும் ஒரே வகை மோதலே அல்ல.

ஆச்சரியப்பட வேண்டியது இன்னொரு விஷயத்துக்கு. அறுபது, தொண்ணூறு மடங்கு அடி வாங்கியும் அந்த இரண்டு கோபுரங்களும் அடி விழுந்த நொடியில் சாயவில்லை. ஏன்?

காற்றுக்காகக் கட்டியது

உயரமான கட்டிடத்தின் முதல் எதிரி காற்று. வடக்குக் கோபுரம் 417 மீட்டர் உயரம். ஒவ்வொரு பக்கமும் 63 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய சுவரில் புயல் அடித்தால் ஆயிரக்கணக்கான டன் விசை பக்கவாட்டில் தள்ளும், அதுவும் மணிக்கணக்கில். அதைத் தாங்கும்படி கட்டிய கட்டிடத்துக்கு விமானத்தின் தள்ளுவிசை முற்றிலும் புதிய அனுபவம் இல்லை. சராசரி விசையைப் போட்டுப் பார்த்தால் அதுவும் பெரும்புயலோடு ஒப்பிடக்கூடிய அளவில்தான் வருகிறது. நேரம்தான் வித்தியாசம். விமானம் முழுதும் உள்ளே போய் நிற்க ஒரு வினாடிகூட ஆகவில்லை. கோபுரம் பின்பக்கம் வளைந்து, திரும்பி, சில நிமிடம் ஆடி அடங்கியது.

கட்டமைப்புப் பொறியாளர்கள் ஜான் ஸ்கில்லிங், லெஸ்லி ராபர்ட்சன். கட்டிடக் கலைஞர் மினோரு யமசாகி. அதற்கு முந்தைய கோபுரங்களில் மாடி முழுக்கப் பரவலாகத் தூண்கள் நிற்கும். இவர்கள் தூண்களை இரண்டே இடத்தில் குவித்தார்கள். ஒன்று வெளிச்சுவர்: பக்கத்துக்கு 59 தூண்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர்தான் இடைவெளி. இன்னொன்று நடுமையம்: லிஃப்டும் படிக்கட்டும் குழாய்களும் போகும் இடத்தைச் சுற்றி 47 தூண்கள். இரண்டுக்கும் நடுவே தூணே இல்லாத திறந்த தளம். வாடகைக்கு விடுபவருக்கு இதைவிட வசதி கிடையாது. (யமசாகிக்கு உயரம் என்றால் பயம் என்பார்கள், நெருக்கமான தூண்களுக்கு நடுவே ஒடுங்கிய ஜன்னல் அவருக்குப் பிடித்துப் போனதில் வியப்பில்லை.) நெருங்கி நிற்கும் வெளித் தூண்களைக் குறுக்கே அகலமான ஸ்டீல் தகடுகள் இணைத்ததால், கோபுரத்தின் நான்கு முகமும் சேர்ந்து தரையில் நட்ட ஒரே சதுரக் குழாய்போல் வேலை செய்தது.

மோதலின்போது கைகொடுத்தது இந்த நெருக்கம்தான். விமானம் ஒரு முகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தூண்களை அறுத்தது. ஆனாலும் மேலே இருந்த பாரம் அந்தரத்தில் தொங்கவில்லை. ஓட்டைக்கு மேலே நின்ற தூண்களின் சுமை குறுக்குத் தகடுகள் வழியே இடமும் வலமும் நகர்ந்து, அறுபடாத தூண்களில் இறங்கியது. கயிற்றுக் கட்டிலில் நாலு இழை அறுந்தாலும் படுத்தவர் தரையில் விழமாட்டார் இல்லையா, பக்கத்து இழைகள் சற்று விறைத்துக்கொள்ளும். அப்படித்தான் இதுவும். பொறியாளர்கள் இதை மாற்றுச் சுமைப்பாதை என்பார்கள். உயரமான கட்டிடத்துக்கு உயிர் இதில்தான் இருக்கிறது.

உச்சியில் 107வது மாடிக்கு மேல் நடுமையத்தையும் வெளிச்சுவரையும் இணைக்கும் பெரிய ஸ்டீல் சட்டம் ஒன்று இருந்தது. வடக்குக் கோபுரத்தின் தலையில் நின்ற பிரம்மாண்டமான ஆன்டெனாவைத் தாங்குவது அதன் வேலைகளில் ஒன்று. நடுமையத்தில் சில தூண்கள் அறுந்தபோது அவற்றின் பாரம் இந்தச் சட்டம் வழியே மேலே போய், சுற்றி வந்து, வெளித் தூண்களில் இறங்கியது. விமானத்துக்காக வைத்ததல்ல. ஆனாலும் அன்று பல நிமிடங்களைச் சம்பாதித்துக் கொடுத்தது.

மாற்றுப் பாதை இல்லாத கட்டிடம் என்ன ஆகும் என்பதற்கு விமானமே தேவையில்லை. 1968 மே மாதம் லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18வது மாடியில் ஒரு சமையலறையில் எரிவாயு வெடித்தது. சுவர்ப் பலகை ஒன்று பிய்த்துக்கொண்டு போக, அதன்மேல் உட்கார்ந்திருந்த மாடிகள் சரிய, அந்தப் பாரம் கீழ் மாடிகளையும் இழுத்துக்கொண்டு போக, கட்டிடத்தின் ஒரு மூலை முழுதும் அடிவரை விழுந்தது. முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சரியாகப் பிணைக்காமல் விட்டதன் விளைவு. பிரிட்டன் இதற்குப் பிறகே விதிகளை மாற்றியது. அடுத்து 1995இல் ஓக்லஹோமா நகர அரசு அலுவலகத்தில் லாரி குண்டு வெடித்தது. முகப்பில் சில தூண்கள் போனதும், அவற்றை நம்பியிருந்த பெரிய உத்தரமும் போய், கட்டிடத்தில் ஏறக்குறைய பாதி இறங்கிவிட்டது. 168 பேர் இறந்தார்கள்.

இன்று முக்கியமான கட்டிடங்களை வடிவமைக்கும்போது கணினி மாதிரியில் ஒரு தூணை வேண்டுமென்றே அழித்துவிட்டுப் பார்க்கிறார்கள். மீதிக் கட்டிடம் நிற்கிறதா? நின்றால் அடுத்த தூண். தூணை எடுத்தது விமானமா, லாரியா, வாயுக் கசிவா என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. அதுதான் அதன் அழகு என்பேன். வரப்போகும் ஆபத்தை ஊகிக்க முயல்வதைவிட, எது போனாலும் மீதி நிற்குமா என்று கேட்பது கெட்டிக்காரத்தனம்.

தீயை எழுதாத கணக்கு

இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்த 1960களிலேயே விமானம் மோதினால் என்ன ஆகும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 1945 சம்பவம் எல்லோருக்கும் நினைவிருந்தது. அன்று பறந்த பெரிய பயணிகள் விமானம் போயிங் 707. மூடுபனியில் வழி தவறி, தரையிறங்க இடம் தேடி மெதுவாக வரும் 707 மோதினால் கோபுரம் நிற்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்ததாக ராபர்ட்சன் பின்னாளில் சொன்னார். விமானத்தில் இருக்கும் எரிபொருள் தீப்பிடித்து எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வடிவமைப்பு எதுவும் செய்யவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

மோதலைப் பொறுத்தவரை அவர்கள் கணக்குத் தவறவில்லை. 707ஐவிடப் பெரிய விமானம், நினைத்ததைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் வந்தும் கோபுரங்கள் நின்றன. வீழ்த்தியது அடுத்து வந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். விமான எரிபொருள் ஸ்டீலை உருக்கிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது நடக்காது என்று சொல்லிச் சதிக்கதை கட்டுகிறவர்களும் அதே நினைப்பில்தான் இருக்கிறார்கள். ஸ்டீல் உருக 1,500 டிகிரி செல்சியஸ் வாக்கில் வேண்டும். அலுவலகத் தீ 1,000 டிகிரியை ஒட்டிப் போகும். உருகவில்லை, உருக வேண்டிய அவசியமும் இல்லை. 600 டிகிரிக்கு வந்தாலே ஸ்டீலின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எரிபொருளும் சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டது. கணிசமான பகுதி மோதிய கணத்தில் எழுந்த தீப்பந்திலேயே போயிற்று. மிச்சம் செய்த வேலை, ஒரே நேரத்தில் பல மாடிகளில் நெருப்பு வைத்தது. அதற்குப் பிறகு எரிந்ததெல்லாம் மேசை, நாற்காலி, கம்பளம், காகிதக் கட்டு.

சாதாரணத் தீ விபத்தில் ஸ்டீல் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. அதன்மேல் காப்புப் பூச்சு இருக்கும். கட்டிக்கொண்டிருக்கும் ஸ்டீல் கட்டிடத்தில் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தால், சாம்பல் நிறத்தில் பஞ்சும் சிமென்டும் கலந்து பீய்ச்சியதுபோல் ஒரு படலம் ஒட்டியிருக்கும், அதுதான். விரலால் அழுத்திக் கிள்ளினால் பல இடங்களில் பெயர்ந்து வந்துவிடும். சூட்டை மணிக்கணக்கில் தாமதப்படுத்தும் சரக்குதான். ஆனால் அடி தாங்காது. 767 நொறுங்கி, அலுமினியத் துண்டுகளும் மேசை நாற்காலிச் சில்லுகளும் ஒரு மாடியைக் குறுக்காக வாரிக்கொண்டு போனபோது, வழியில் இருந்த ஸ்டீலின் மேல் இருந்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2005இல் வெளியிட்ட நீண்ட விசாரணை அறிக்கையின் மையமான முடிவு இதுதான். பூச்சு போகாமல் இருந்திருந்தால், இவ்வளவு சேதத்துக்குப் பிறகும் கோபுரங்கள் அநேகமாக நின்றிருக்கும் என்கிறது அது.

சரிந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வெளிச்சுவருக்கும் நடுமையத்துக்கும் நடுவே தளத்தைத் தாங்கியவை மெல்லிய ஸ்டீல் கம்பிகளைக் கோத்த சட்டங்கள். நீளமானவை 60 அடி. அவற்றின் மேல் நாலு அங்குல இலகு கான்கிரீட். சூடேறியதும் சட்டங்கள் தொய்ந்தன. தொய்ந்த தளம் இரு முனையிலும் இழுக்கும். வெளிச்சுவர்த் தூண்கள் உள்பக்கமாக வளையத் தொடங்கின. விழுவதற்குச் சில நிமிடம் முன்பே இந்த வளைவு புகைப்படங்களில் தெரிகிறது. நீளமான தூண் பாரத்தால் நசுங்குவதில்லை. பக்கவாட்டில் வளைந்து ஒடியும். எவ்வளவு உயரத்துக்கு அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லையோ அவ்வளவு சீக்கிரம் ஒடியும். பிடிப்பில்லாத நீளம் இரட்டித்தால் தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு மாடித் தளமும் தூணைப் பிடித்து நிறுத்தும் கைதான். அந்தக் கையே தூணை இழுக்கத் தொடங்கினால் வேறென்ன நடக்கும்? ஒரு முகத்துத் தூண்கள் வரிசையாக ஒடிந்தன. மேல்பகுதி முழுதும் இறங்கியது. ஒரு மாடி உயரம் கீழே விழுந்து வரும் பத்து, இருபத்தைந்து மாடிப் பாரத்தை நிறுத்தும் தளத்தை யாரும் கட்டியதில்லை.

இரண்டாவதாக அடிபட்ட தெற்குக் கோபுரம் ஏன் முதலில் விழுந்தது என்பதும் இதிலேயே விளங்கும். விமானத்தின் வேகம் அதிகம். நடுவில் மோதாமல் ஒரு ஓரமாக மோதியதால் சேதம் ஒரு பக்கம் குவிந்தது. மோதிய இடமும் தாழ்வு: வடக்கில் 93 முதல் 99வது மாடி, தெற்கில் 77 முதல் 85வது மாடி. பலவீனப்பட்ட இடத்துக்கு மேலே உட்கார்ந்திருந்த எடை இரண்டு மடங்குக்கு மேல்.

அதே நாள் மாலை 5:20க்குப் பக்கத்திலிருந்த 47 மாடிக் கட்டிடம், ஏழாம் எண் கட்டிடம், விமானம் எதுவும் மோதாமலே விழுந்தது. வடக்குக் கோபுரத்தின் இடிபாடு பட்டுப் பற்றிய தீ, தண்ணீர் வராமல், அணைக்க ஆளில்லாமல் ஏழு மணி நேரம் எரிந்தது. சூட்டில் நீளம் கூடிய உத்தரங்கள், ஒரு பெரிய உத்தரத்தை அது உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தள்ளிவிட்டன; தளங்கள் விழுந்து, ஒரே ஒரு தூண் பல மாடி உயரத்துக்குப் பிடிப்பிழந்து ஒடிந்தது. விமான மோதலைப் பற்றிப் பேச வந்துவிட்டு தீயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றினால், காரணம் இதுதான்.

படிக்கட்டு A

கட்டமைப்பைவிடப் படிக்கட்டு அதிக உயிரைக் காப்பாற்றும். இரட்டைக் கோபுரங்களில் ஒவ்வொன்றிலும் மூன்றே படிக்கட்டுகள். நியூயார்க்கின் பழைய விதிப்படி ஆறு வேண்டியிருந்திருக்கும். 1968இல் வந்த புதிய விதி அதைப் பாதியாக்கியது. வாடகைக்கு விட இடம் கூடியது. படிக்கட்டைச் சுற்றியிருந்த சுவரும் செங்கல்லோ கான்கிரீட்டோ அல்ல, ஜிப்சம் பலகை. தீயை இரண்டு மணி நேரம் தடுக்கும். பறந்து வரும் இரும்புத் துண்டைத் தடுக்காது.

வடக்குக் கோபுரத்தில் மோதிய இடத்தில் மூன்று படிக்கட்டுகளும் நடுமையத்துக்குள், 70 அடி தூரத்துக்குள் அடங்கியிருந்தன. ஒரே அடியில் மூன்றும் போயின. 91வது மாடிக்கு மேல் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

தெற்குக் கோபுரத்தில் ஒரு தற்செயல் நடந்தது. 81வது மாடியில் லிஃப்ட் இயந்திரங்கள் இருந்தன. ஆளுயரத்தைவிடப் பெரிய அந்த இயந்திரங்களைச் சுற்றிக்கொண்டு போவதற்காக, அந்த மாடிகளில் மட்டும் படிக்கட்டுகளை ஒன்றுக்கொன்று தள்ளி, ஏறக்குறைய 200 அடி இடைவெளியில் வைத்திருந்தார்கள். விமானம் தென்கிழக்குப் பக்கமாகப் புகுந்தது. படிக்கட்டு A இருந்தது வடமேற்கில், இயந்திரங்களுக்குப் பின்னால். அது மட்டும் தப்பியது. மோதிய மாடிகளிலும் அதற்கு மேலும் இருந்த 18 பேர் அந்த வழியே, இடிந்த சுவர்ப் பலகைகளைத் தள்ளிக்கொண்டு, புகையில் இறங்கி உயிரோடு வெளியே வந்தார்கள். வழி திறந்திருப்பது தெரியாமல் மேலே ஏறியவர்களும் உண்டு.

மோதிய இடத்துக்குக் கீழே இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும், நூற்றுக்கு 99 பேர், தப்பினார்கள். 1993இல் அதே கட்டிடத்தின் அடித்தளத்தில் குண்டு வெடித்தபோது, புகை மூடிய இருட்டுப் படிகளில் இறங்கி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு படிகளில் பேட்டரி விளக்கும், இருட்டில் ஒளிரும் வண்ணக் கோடுகளும் போட்டார்கள். தப்பிக்கும் ஒத்திகைகளும் நடத்தினார்கள். 2001இல் அது கைகொடுத்தது. இன்னொன்றும் உண்டு. காலை ஒன்பதை ஒட்டியே நடந்ததால் இரண்டு கோபுரங்களிலும் சேர்த்து 17,400 பேர்தான் இருந்தார்கள். நிரம்பியிருந்தால் அந்தப் படிகளில் இறங்க நேரம் போதாமல் 14,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்பது விசாரணையின் மதிப்பீடு. ஒரு மீட்டர் சொச்சம் அகலமுள்ள படியில் மேலிருந்து ஆயிரக்கணக்கானோர் இறங்க, கீழிருந்து கனமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு தீயணைப்பு வீரர்கள் ஏற, இருவரும் ஒதுங்கி வழிவிட வேண்டிய நிலை.

விமானத்தையே நிறுத்தினால்?

உண்மையிலேயே விமானத்தைத் தடுக்கக் கட்டுவது அணு உலைகளுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். அங்கே கேள்வி நிமிடம் அல்ல. உள்ளே எதுவும் நுழையக் கூடாது. 1968இல் ஹோர்ஹே ரியேரா என்ற பொறியாளர் கொடுத்த கணக்குமுறை இன்றும் புழக்கத்தில் உண்டு. விமானம் ஒரே பாறாங்கல் அல்ல. உள்ளே பெரும்பாலும் காற்று நிரம்பிய மெல்லிய அலுமினியக் கூடு. மூக்கிலிருந்து வால்வரை படிப்படியாக நசுங்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு கணமும் சுவர் மீது விழும் விசையில் இரண்டு பங்கு: கூட்டை நசுக்கத் தேவையான விசை ஒன்று, அந்தக் கணத்தில் வந்து மோதும் பகுதியின் எடையும் வேகமும் தரும் விசை இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது. இன்ஜினும் இறக்கையில் நிரம்பிய எரிபொருளும் வரும் கணத்தில் விசை உச்சிக்குப் போகும். மற்ற நேரம் ஒப்பீட்டில் குறைவு.

1988இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் எஃப்-4 ஃபேன்டம் போர் விமானம் ஒன்றை ராக்கெட் பொருத்திய தண்டவாளத்தில் மணிக்கு சுமார் 775 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, மூன்றரை மீட்டருக்கு மேல் தடித்த கான்கிரீட் கட்டியில் மோதவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விமானம் சுவருக்குள் போகவே இல்லை. மூக்கிலிருந்து தூளாகிக்கொண்டே வந்து, கடைசியில் இறக்கை நுனிகள் மட்டும் இருபக்கமும் தாண்டிப் போகின்றன. கான்கிரீட்டில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம்.

அப்படிப்பட்ட சுவரைக் கோபுரத்தின் வெளியே வைக்க முடியாது. உள்ளே வைக்கலாம். 2001க்குப் பிறகு வந்த பெரிய மாற்றமே அதுதான்.

அதற்கு முன் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது கோபுரமே அல்ல, ஐந்து மாடி. அதே நாள் போயிங் 757 ஒன்று கீழ் மாடியில் புகுந்து பல டஜன் தூண்களைச் சிதைத்தது. மேல் மாடிகள் உடனே விழவில்லை. பிறகு விழுந்ததும் ஒரு பகுதி மட்டுமே. 1940களில் கட்டியபோது கான்கிரீட் தூண்களுக்குள் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றித் திருகுச்சுருளாகக் கம்பி ஓட்டியிருந்தார்கள். அடியில் வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்தாலும், சுருளுக்குள் இருந்த நடுப்பகுதி சிறைப்பட்டு நின்று பாரத்தைத் தாங்கியது. பல தூண்கள் வில்லாக வளைந்தும் முறியவில்லை. அந்தக் காலத்து வழக்கப்படி போட்ட ஒரு கம்பிச் சுருள் இத்தனை வேலை செய்தது.

இப்போது எப்படிக் கட்டுகிறார்கள்

இரட்டைக் கோபுர வளாகத்தில் 2014இல் திறந்த ஒன்றாம் எண் கோபுரம் 541 மீட்டர். வெளியே ஸ்டீல் சட்டமும் கண்ணாடியும். நடுவே அடிமுதல் உச்சிவரை கான்கிரீட் மையம். கீழ்மாடிகளில் சுவர் ஒரு மீட்டர் அளவுக்குத் தடிமன். வழக்கமான வீட்டுக் கான்கிரீட்டைவிட நான்கு மடங்குக்கு மேல் பலமுள்ள கலவையை அங்கே பயன்படுத்தினார்கள். லிஃப்ட், படிக்கட்டு, தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், தகவல்தொடர்புக் கம்பிகள் எல்லாம் அந்தச் சுவருக்குள். படிகள் அகலம், புகை உள்ளே வராதபடி காற்றழுத்தம் கூட்டி வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் ஏறுவதற்குத் தனிப் படிக்கட்டு. தெருவோடு ஒட்டிய முதல் 57 மீட்டர் உயரத்துக்கு அலுவலகமே இல்லை; லாரி குண்டை மனதில் வைத்துக் கட்டிய கான்கிரீட் பீடம். பார்க்க அழகில்லை என்று கட்டும்போதே குறை சொன்னார்கள்; கண்ணாடிப் பட்டைகளை ஒட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கோபுரத்தில் ஜெட் மோதினால் அந்த மாடிகளில் இருப்பவர்களைக் காப்பாற்ற முடியாது. வெளிச்சட்டம் அறுபடும், தீப்பிடிக்கும். ஆனால் மேலே இருப்பவர்களுக்கு இறங்க ஒரு வழி எஞ்சியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வடக்குக் கோபுரத்தில் அன்று இல்லாமல் போனது அந்த ஒரு வழிதான்.

கான்கிரீட் மையம் நியூயார்க் கண்டுபிடிப்பு இல்லை. ஆசியக் கோபுரங்களில் அது பல காலமாக வழக்கம். ஸ்டீலைவிடக் கான்கிரீட் அங்கே மலிவு என்பதும் ஒரு காரணம். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபா முழுக்க அந்த வழியில் நிற்பதுதான். நடுவே அறுகோண மையம். அதை மூன்று சிறகுகள் முட்டுக்கொடுத்துத் தாங்குகின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து எல்லோரையும் படியிறங்கச் சொல்வது நடக்காத காரியம் என்பதால், இடையிடையே புகை புகாத தஞ்ச மாடிகளை வைத்திருக்கிறார்கள். அங்கே ஒதுங்கிக் காத்திருக்கலாம், அங்கிருந்து தப்பிக்கும் லிஃப்டில் இறங்கலாம்.

அமெரிக்கா முழுவதும் பின்பற்றும் மாதிரிக் கட்டிட விதிகளில் விசாரணையின் பரிந்துரைகள் 2009 பதிப்பில் ஏறின. 420 அடிக்கு மேற்பட்ட கட்டிடத்தில் காப்புப் பூச்சு முன்பைவிட ஏழு மடங்கு பிடிப்போடு ஸ்டீலில் ஒட்டியிருக்க வேண்டும். படிக்கட்டுச் சுவர் அடியைத் தாங்க வேண்டும். வெளியேறும் பாதையில் ஒளிரும் கோடுகள் கட்டாயம். வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாக ஒரு படிக்கட்டும் வேண்டும். கட்டுநர்களிடம் அதிக எதிர்ப்பைச் சந்தித்தது இந்தக் கடைசி விதிதான். ஒவ்வொரு மாடியிலும் வாடகை இடத்தை விழுங்கும் அல்லவா? அதனால் ஒரு விலக்கும் சேர்ந்தே வந்தது: தீயின்போதும் ஓடும்படி பாதுகாப்பு செய்த லிஃப்டுகளை வைத்தால் அந்தக் கூடுதல் படிக்கட்டை விட்டுவிடலாம். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதே என்று தலைமுறையாகச் சொல்லிப் பழக்கியவர்களிடம், இந்தக் கட்டிடத்தில் மட்டும் ஏறலாம் என்று இப்போது சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.